ஹோட்டல் அறையில் வரும் தூக்கம் வீட்டில் ஏன் வருவதில்லை? படுக்கையறையை மாற்றப் போகிறோம், யோசனை சொல்லுங்கள்

பின்மாலை:

மாதத்தில் நான்கைந்து இரவுகள் வேலைக்காக ஹோட்டல்களில் தங்குகிறேன். எல்லாம் நடுத்தரமானவைதான். ஆனாலும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் உடம்பு தானாகத் தளர்ந்துவிடுகிறது. படுத்த பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன். வீட்டில் அப்படி இல்லை. மெத்தை நல்ல மெத்தை, அறையும் சிறியதில்லை, 12க்கு 13 அடி. இருந்தும் பதினொரு மணிக்குப் படுத்தால் கண் அயர ஒரு மணியாகிறது.

அடுத்த மாதம் வண்ணம் பூச ஆள் வருகிறார். அதோடு சேர்த்து அறையையே மாற்றிவிடலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். மனதில் இருப்பவை: கட்டிலின் பின்சுவர் முழுவதும் துணி போர்த்திய தலைப்பலகை, நான்கு சுவருக்கும் அடர் சாம்பல் நிறம், தரை முழுக்கக் கம்பளம், குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு, கூரையில் பதிக்கும் விளக்குகள் எட்டு, கட்டிலில் ஆறு தலையணைகள்.

இதில் எதைச் செய்யலாம், எதை விடலாம்? செய்துபார்த்தவர்கள் சொல்லுங்கள். படங்களைப் பார்த்துப் பார்த்து எது வேண்டும் என்பதே குழம்பிப்போய்விட்டது.

கோடுகட்டம்:

உள்அலங்கார வடிவமைப்புதான் என் தொழில். பதில் சொல்லும் முன் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஹோட்டல் அறைக்குள் போனதும் படம் எடுக்காதீர்கள். படுக்கையில் உட்கார்ந்து, கையை எங்கே நீட்டினால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் எங்கே, சுவிட்ச் எங்கே, போன் சார்ஜர் எங்கே, கண்ணாடியைக் கழற்றி எங்கே வைக்கிறீர்கள். நள்ளிரவில் எழுந்தால் கால் எதில் படுகிறது.

நீங்கள் எழுதிய பட்டியலில் ஆறு பொருள்கள் இருக்கின்றன. ஆறுமே கண்ணுக்குத் தெரிபவை. உங்களைத் தூங்க வைத்தவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவையாக இருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றுகம்பி:

நான் மின்பணி செய்பவன். வண்ணம் பூச ஆள் வருவதற்கு முன் நீங்கள் எழுதியது நல்லதாயிற்று, அக்கா. சுவரைக் கீறிக் கம்பி இழுக்கும் வேலை எல்லாம் வண்ணத்துக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். பிறகு நினைத்து வருந்துபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் வேலை, கட்டிலின் இரண்டு பக்கமும் டூவே சுவிட்ச். கதவருகே போட்ட விளக்கைப் படுத்தபடியே அணைக்க வேண்டும். ஹோட்டலில் இது பெரும்பாலும் இருக்கும், வீடுகளில் அபூர்வம். சுவிட்சுகளுக்கு நடுவே கூடுதலாகக் கம்பி ஓட வேண்டும். கதவருகே ஒன்று, கட்டிலருகே இரண்டு என்று மூன்று இடத்திலிருந்து ஒரே விளக்கை அணைக்க, நடுவில் வரும் சுவிட்ச் மட்டும் இன்டர்மீடியட் வகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அணைக்க எழுந்து நடந்தால் பாதித் தூக்கம் அங்கேயே கலைந்துவிடும்.

இரண்டாவது, அந்த எட்டு கூரை விளக்குகள் வேண்டாம். நல்ல ஹோட்டல் அறைகளில் கட்டிலுக்கு நேர்மேலே விளக்கு இருப்பதே குறைவு. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் வரும். மேசை விளக்கு, படிக்கும் விளக்கு, மூலையில் ஒரு நிற்கும் விளக்கு, திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்த ஒரு விளக்குப் பட்டை. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். படுத்திருப்பவரின் கண் கூரையைத்தான் பார்க்கிறது. அங்கே விளக்கு இருந்தால் கூசும்.

மூன்றாவது, பல்பின் நிறம். பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. 4000 நடுத்தரம். 2700 மஞ்சள் சாய்ந்த இளவெளிச்சம். படுக்கையறைக்கு 2700 வாங்குங்கள், எல்லா விளக்குக்கும் ஒரே எண்ணாக வாங்குங்கள். ஒன்று 2700, பக்கத்தில் இன்னொன்று 6500 என்று இருந்தால் எவ்வளவு நல்ல அறையும் களையிழந்துவிடும். இரவில் பிரகாசமான நீல வெளிச்சம், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கிறது. உங்களுக்கு ஒரு மணிவரை தூக்கம் வராததில் அதற்கும் பங்கு இருக்கலாம். இப்போது என்ன விளக்கு போட்டிருக்கிறீர்கள்?

பின்மாலை:

நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் குழல்விளக்கு. சுவிட்ச் கதவருகே. கணவர் முதலில் படுத்துவிட்டால் நான் போன் வெளிச்சத்தில்தான் நடமாடுகிறேன்.

மூன்றுகம்பி:

அப்படியானால் மற்ற எதையும் தொடாமல் இதை மட்டும் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போடுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்கும் எல்இடி பல்பு மட்டுமே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மினுக்கும், அல்லது பாதியில் பட்டென்று அணையும். குண்டு பல்பு காலத்து டிம்மரும் எல்இடிக்குச் சரிப்படாது. அதற்குக் குறைந்தபட்சம் இத்தனை வாட் சுமை வேண்டும் என்ற கணக்கு உண்டு, எல்இடி அந்த அளவை எட்டாது.

கட்டிலின் அடிச்சட்டத்தில், தரையைப் பார்த்தபடி ஒரு மெல்லிய எல்இடி பட்டை. அசைவு உணரும் சென்சாரோடு. இரவில் காலைக் கீழே வைத்ததும் தரை மட்டும் தெரியும், பக்கத்தில் தூங்குபவர் முகத்தில் வெளிச்சம் விழாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

நூலேணி:

பதினொரு வருடம் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் வேலை பார்த்தேன். பிறகு மேற்பார்வையாளராகவும் இருந்தேன். படுக்கையைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆறு தலையணை வேண்டாம். இரண்டு பேருக்கு நான்கு போதும்: ஆளுக்கு ஒன்று மென்மையாக, ஒன்று சற்றுக் கெட்டியாக. விருந்தினர் எதைப் பயன்படுத்தினார் என்று காலையில் பார்த்தாலே தெரியும். அலங்காரத் தலையணைகள் எல்லாம் நாற்காலியில் குவிந்து கிடக்கும். பதினொரு வருடமும் அதே நாற்காலி, அதே குவியல். கட்டிலின் கால்மாட்டில் குறுக்காக ஒரு வண்ணத் துணி போட்டிருப்பார்களே, அதுவும் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. வந்தவர் காலணியோடு சாய்வார், சூட்கேஸைக் கட்டில்மேல் வைத்துத் திறப்பார். வெள்ளை விரிப்பு அழுக்காகாமல் இருக்க அது. வீட்டில் உங்களுக்கு அது எதற்கு?

விரிப்பு. நூல் எண்ணிக்கை ஆயிரம் என்று போட்டு விற்பதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கிலும் குறுக்கிலும் எத்தனை நூல் என்பதுதான் அந்த எண். நல்ல பருத்தியில் 200 முதல் 400 வரை இருந்தால் தாராளம். அதற்கு மேல் போகும் எண்கள் பெரும்பாலும் முறுக்கிய நூலின் ஒவ்வோர் இழையையும் தனியாக எண்ணியதால் வருபவை. இரட்டை இழையில் நெய்த 300ஐ 600 என்று எழுதிவிடுவார்கள். துணி கனமாகும், காற்றுப் புகாது.

எண்ணை விட நெசவைக் கேளுங்கள். பெர்கேல் என்றால் ஒன்று மேலே ஒன்று கீழே என்று நெய்தது. தொட்டால் மொடமொடவென்று இருக்கும், குளிர்ச்சி, ஆனால் சுருங்கும். சாட்டீன் என்றால் நூல் நான்கின் மேல் ஓடி ஒன்றின் கீழ் போகும். வழவழப்பு, லேசான மினுமினுப்பு, உடம்புச் சூட்டைச் சற்றுப் பிடித்துவைக்கும். இரவில் வியர்ப்பவர் என்றால் பெர்கேல். நீங்கள் ஹோட்டலில் படுத்ததும் உணரும் அந்தப் புதுத்துணிச் சுகம் பெரும்பாலும் பெர்கேலும் இஸ்திரியும் சேர்ந்து தருவது.

வெள்ளை ஏன் என்று கேட்பார்கள். 1999இல் வெஸ்டின் ஹோட்டல்கள் முழு வெள்ளைப் படுக்கை ஒன்றை அறிமுகப்படுத்தி, அதற்குத் தனிப்பெயர் வைத்து விளம்பரம் செய்தன. அதுவரை பல ஹோட்டல்களில் கறையை மறைக்கும் பூப்போட்ட கனமான மேல்விரிப்புகள்தான். அந்த மேல்விரிப்பைத் தினமும் துவைக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வெள்ளை எதையும் மறைக்காது. மறைக்காது என்பதால்தான் அதில் படுப்பவருக்கு நம்பிக்கை வருகிறது. எங்களுக்கும் வசதி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, சூடான தண்ணீரில், வெளுப்பானோடு துவைக்கலாம்.

வாசல்மரம்:

எல்லோரும் பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அடிப்படையிலேயே எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது.

ஹோட்டல் அறையில் தூக்கம் வருவது விளக்காலும் விரிப்பாலும் அல்ல. அங்கே மடிக்க வேண்டிய துணி இல்லை. கட்ட வேண்டிய பில் மேசைமேல் இல்லை. பிள்ளையின் பள்ளிப்பை இல்லை. பாதியில் நின்ற எந்த வேலையும் கண்ணில் படுவதில்லை. காலையில் குலைத்துப் போட்டுவிட்டுப் போனால் மாலையில் வேறொருவர் சரிசெய்து வைத்திருக்கிறார். அந்த வேறொருவரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வீட்டை ஹோட்டலாக்கினால் அந்த வேலை முழுவதும் வீட்டில் இருக்கும் ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் யார் தலையில் விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. ஹோட்டல் குளியலறையைப் பார்த்து ஆசைப்பட்டு எங்கள் வீட்டில் பளபளப்பான பளிங்குத் தரை போட்டோம். மூன்றாவது மாதம் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இன்றுவரை அந்தக் கையால் குடத்தைத் தூக்க முடிவதில்லை. கண்ணாடித் தடுப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பின்மாலை:

படித்ததும் மனது கனத்துவிட்டது. அம்மா இப்போது நலமாக இருக்கிறார்களா?

வேலை யார் தலையில் விழும் என்ற கேள்வியை நாங்கள் யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், என் பட்டியலில் தினமும் துடைக்க வேண்டியவை மட்டுமே மூன்று இருக்கின்றன.

கோடுகட்டம்:

வாசல்மரம் சொன்ன முதல் பாதியை ஏற்கிறேன். அதனால் ஹோட்டலிலிருந்து எடுக்க ஒன்றுமே இல்லை என்ற முடிவை ஏற்கவில்லை. ஹோட்டல் அறையை வடிவமைப்பவர்கள் அதைச் சுத்தம் செய்பவரையும் மனதில் வைத்துத்தான் வரைகிறார்கள். ஓர் அறைக்கு அரைமணி நேரம்தான் கிடைக்கும் என்று தெரிந்து வரைகிறார்கள். பக்கமேசை சுவரில் தொங்குவது ஏன்? அடியில் துடைப்பம் தடையில்லாமல் போக. கட்டிலின் அடிப்பகுதி தரைவரை அடைத்திருப்பது ஏன்? உள்ளே தூசியும் தொலைந்த பொருள்களும் சேராமல் இருக்க. இந்த அறிவு வீட்டுக்கு வந்தால் வேலை கூடாது, குறையும்.

இது புதிய அறிவும் அல்ல. பாரிஸில் 1898இல் ஸெஸார் ரிட்ஸ் தன் ஹோட்டலைத் திறந்தபோது அறைகளுக்குள்ளேயே குளியலறை வைத்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். சுவருக்குக் காகிதம் ஒட்டாமல் கழுவக்கூடிய வண்ணம் பூசச் சொன்னார். விளக்குக்காக அவர் எடுத்துக்கொண்ட பாடு எனக்கு மிகவும் பிடித்த கதை. மனைவியை உட்காரவைத்து, விதவிதமான விளக்கு மூடிகளை மாட்டி, எந்த வெளிச்சத்தில் முகம் நன்றாகத் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் இளஞ்சிவப்பு கலந்த ஆப்ரிகாட் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். மூன்றுகம்பி சொன்ன 2700 கெல்வின் அந்தத் தேடலின் பேரப்பிள்ளை.

இனி உங்கள் பட்டியல்.

கண்ணாடித் தடுப்பு: வேண்டாம். ஹோட்டலில் குளியலறை பெரும்பாலும் நடைபாதைப் பக்கம், சன்னல் இல்லாமல் இருக்கும். அதற்குப் பகல்வெளிச்சம் தரவும் சிறிய அறையைப் பெரிதாகக் காட்டவும் கண்ணாடி வைக்கிறார்கள். உங்கள் குளியலறைக்குச் சன்னல் இருந்தால் அந்தக் காரணமே இல்லை. ஒருவர் ஐந்து மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டால் மற்றவருக்கும் விடிந்துவிடும். சத்தமும் ஈரமும் வேறு.

அடர் சாம்பல்: தலைமாட்டுச் சுவர் ஒன்றுக்கு மட்டும் பூசுங்கள். மற்ற மூன்றும் வெளிர். நான்கு சுவரும் அடர்நிறமானால் வெளிச்சத்தை எல்லாம் விழுங்கிவிடும், விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

கம்பளம்: ஹோட்டல் நடைபாதையில் கம்பளம் போடுவது காலடிச் சத்தத்தை அடக்க. அங்கே தினமும் வாக்கும் கிளீனர் ஓடுகிறது. உங்கள் வீட்டில் கட்டிலின் இரு பக்கமும் உதறி வெயிலில் போடக்கூடிய விரிப்பு ஒவ்வொன்று போதும். காலையில் முதல் அடி மென்மையான ஒன்றின்மேல் படுகிறது, அந்தச் சுகம் முழுமையாகக் கிடைத்துவிடும்.

தலைப்பலகை: செய்யுங்கள். ஆனால் உறையைக் கழற்றித் துவைக்கும்படி செய்யச் சொல்லுங்கள். தலை சாயும் இடம் ஒரே வருடத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிவிடும். சுவர் முழுவதும் வேண்டாம். கட்டிலுக்கு இரு பக்கமும் மேசை அகலம்வரை நீண்டால் போதும். அதே பலகையில் படிக்கும் விளக்கையும் சுவிட்சையும் சாக்கெட்டையும் பதித்துவிட்டால் மேசையில் கம்பிகள் தொங்காது. சாக்கெட் மேசைக்கு மேலே இருக்கட்டும். மேசைக்குப் பின்னால் ஒளிந்த சாக்கெட்டை இருட்டில் யாராலும் தேட முடியாது.

பளிங்கைப் பற்றி வாசல்மரம் எழுதியது மிக முக்கியம். தரைக்கல்லுக்கு வழுக்கலைத் தடுக்கும் தரவரிசை உண்டு: ஆர் 9 முதல் ஆர் 13 வரை, எண் கூடக்கூடப் பிடிப்பு அதிகம். பளபளப்பான கல் அதில் அடிமட்டம். வெறுங்கால் நனையும் இடத்துக்குத் தனி வகைப்பாடும் இருக்கிறது. வாங்கும்போது கேளுங்கள், கேட்பவருக்கு மட்டும்தான் சொல்கிறார்கள். பளிங்குக்கு அமிலமும் ஆகாது. கழிவறை சுத்திகரிப்பான் ஒரு துளி பட்டாலே மங்கல் தடம் விழும். ஹோட்டல்கள் ஆள் வைத்து மறுபடி மெருகேற்றிக்கொண்டே இருப்பதால்தான் அங்கே அது புதிதுபோல் தெரிகிறது.

வாசல்மரம்:

அம்மா இப்போது பரவாயில்லை, விசாரித்ததற்கு நன்றி. கைப்பிடிக் கம்பி பொருத்திவிட்டோம், தரையையும் மாற்றிவிட்டோம்.

சுத்தம் செய்பவரை மனதில் வைத்து வரைகிறார்கள் என்ற விஷயம் எனக்குப் புதிது. அந்தக் கோணத்தில் பார்த்தால் என் மறுப்பில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வேண்டும்.

சிறுவீடு:

நான் வாடகைக்கு இருப்பவன். ஒரே அறை. சுவரில் ஆணி அடிக்கவே உரிமையாளரைக் கேட்க வேண்டும். எனக்கும் இதில் ஏதாவது உண்டா?

இன்னொரு சந்தேகம். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் சுவர் வழியாக வருகிறது. ஹோட்டல்போல் இருக்கட்டும் என்று அந்தச் சுவரில் கனமான திரைச்சீலை தொங்கவிட்டேன், ஒட்டும் நுரைத் தகடுகளும் ஒட்டினேன். சத்தம் அப்படியே வருகிறது. எங்கே தவறு செய்தேன்?

கோடுகட்டம்:

தவறு உங்களுடையது அல்ல, அந்தத் தகடுகளை விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. மென்மையான பொருள் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. அதைத் தடுக்க எடையும் இடைவெளியில்லாத அடைப்பும் வேண்டும். நல்ல ஹோட்டல்கள் அறைகளுக்கு நடுவே இரட்டை அடுக்குச் சுவர் வைத்து உள்ளே கனிமப் பஞ்சு நிரப்புகின்றன. கதவு திடமான கனமான மரம், நான்கு ஓரமும் ரப்பர் பட்டை, கதவைச் சாத்தினால் அடியில் தானாக இறங்கி மூடும் ஒரு பட்டை.

வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாது. ஆனால் புத்தகம் நிறைந்த அலமாரியை அந்தச் சுவரோரம் நகர்த்திவைத்துக் கட்டிலை எதிர்ப்பக்கம் போட்டுப் பாருங்கள். கதவின் கீழ் இடைவெளிக்கும் சன்னல் ஓரத்துக்கும் ஒட்டும் ரப்பர் பட்டை போடுங்கள். சத்தம் காற்று போகும் வழியில்தான் அதிகம் வரும். ஒன்று மட்டும் கவனம்: எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டுச் சன்னலையும் மூடித் தூங்கினால் காலையில் தலை கனக்கும். காற்று வர ஒரு வழி வேண்டும்.

எளிய பொருளில் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நியூயார்க்கில் 1984இல் திறந்த மார்கன்ஸ் ஹோட்டலை ஆந்த்ரே புட்மன் என்ற பெண்மணி வடிவமைத்தார். கையில் இருந்த பணம் குறைவு. இருப்பதிலேயே மலிவான ஓடுகளில் கருப்பையும் வெள்ளையையும் எடுத்துக் குளியலறைச் சுவரில் சதுரங்கக் கட்டமாகப் பதித்தார். அந்தக் குளியலறை உலகப் புகழ் பெற்றுவிட்டது. உங்கள் ஒரே அறையிலும் இரண்டு நிறம் மட்டும் என்று முடிவு செய்து, வாளி முதல் துவாலைவரை அதில் நின்று பாருங்கள். ஆணியே வேண்டாம்.

நூலேணி:

தம்பி, உங்களுக்கு இன்னும் ஒன்று. துவாலை. ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பது. ஹோட்டலில் 500க்கு மேல் வைப்பார்கள், ஆடம்பர ஹோட்டலில் 700கூட உண்டு. ஆனால் எங்களிடம் பெரிய உலர்த்தும் இயந்திரங்கள் இருந்தன. ஒரே அறையில் கொடி கட்டி உலர்த்தும் உங்களுக்கு 700 காயவே காயாது, வாடை வந்துவிடும். 400, 450 எடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். இழைமேல் படலமாகப் படிந்து துவாலை ஈரத்தை உறிஞ்சாமல் போய்விடும்.

பின்மாலைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஹவுஸ்கீப்பிங்கில் பார் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு படுக்கைக்கு ஒரு முழுத்தொகுதி விரிப்பு என்றால் அது ஒரு பார். குறைந்தது மூன்று பார் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்கப் போனது, ஒன்று அலமாரியில் ஓய்வில். வீட்டில் பலர் ஒரே தொகுதியை அன்றே துவைத்து அன்றே போடப் பார்க்கிறார்கள். மழை பிடித்தால் அன்று இரவு தவிப்பு. மூன்றும் ஒரே நிறம், ஒரே அளவாக இருக்கட்டும். எது எதோடு சேரும் என்று தேடும் வேலையே இருக்காது.

இஸ்திரி முழு விரிப்புக்கும் போட வேண்டாம், இடுப்பு போய்விடும். தலையணை உறைகளும் மேல்விரிப்பில் கழுத்தருகே மடித்துவிடும் ஒரு முழ அகலமும் போதும். முகமும் கையும் படும் இடம் அவைதான். லேசான ஈரம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

மூலை மடிப்பு: தட்டையான விரிப்பைக் கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். பக்கவாட்டில் தொங்கும் பகுதியை, மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து மெத்தைமேல் தூக்கிப் போட்டால் முக்கோணம் வரும். கீழே தொங்கும் துண்டை முதலில் செருகுங்கள். பிறகு முக்கோணத்தை இறக்கிச் செருகுங்கள். 45 பாகையில் ஓர் உறை மூடியதுபோல் நிற்கும். இரவு முழுக்கப் புரண்டாலும் கழறாது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த அம்மா ஒரு மூலைக்கு நான்கு விநாடிதான் எடுத்துக்கொள்வார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பின்மாலை:

வாசல்மரம் சொன்ன துணி, பில், பள்ளிப்பை விஷயத்துக்கு யாரும் வழி சொல்லவில்லையே. எங்கள் அறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. ஒருமுறை உடுத்திய, ஆனால் துவைக்கப் போடாத துணி எல்லாம் அதில்தான்.

நூலேணி:

அந்த நாற்காலி எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதைத் திட்டுவதில் பயனில்லை, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஹோட்டலில் அந்த வேலையைச் செய்வது சூட்கேஸ் பலகையும் கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கிகளும். வார்ட்ரோப்பில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறுமையாக விட்டு, உள்ளே கொக்கிகள் மட்டும் வையுங்கள். மறுபடி உடுத்தப்போகும் துணிக்கு அதுதான் இடம். கதவைச் சாத்தினால் கண்ணில் படாது.

பில்லுக்கும் பைக்கும் இடம் படுக்கையறை அல்ல. வாசல் பக்கம் ஓர் இழுப்பறை. வீட்டுக்குள் நுழைந்ததும் சாவி, தாள், பை எல்லாம் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

மூன்றுகம்பி:

திரைச்சீலையை யாரும் எழுதவில்லை. ஹோட்டல் இருட்டு துணியால் மட்டும் வருவதில்லை. கம்பியில் மாட்டிய திரைக்கு மேலேயும் இரு பக்கமும் வெளிச்சம் ஒழுகும். கூரையில் நேராகத் திரை ஓடும் டிராக் பொருத்தி, சன்னலைவிட இரு பக்கமும் 15, 20 செ.மீ. அகலம் கூட்டி, இரு முனையும் சுவரைத் தொடும்படி வளைத்துவிட வேண்டும். நடுவில் இரண்டு திரையும் ஒரு சாணாவது ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும். உள்ளே மெல்லிய திரை பகலுக்கு, இருட்டடிக்கும் திரை இரவுக்கு. துணியின் அகலம் டிராக் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும்.

தொலைக்காட்சி, குளிர்சாதனம், சார்ஜர் எல்லாவற்றிலும் எரியும் சின்னச் சின்ன விளக்குப் பொட்டுகளுக்குக் கருப்பு ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். நல்ல இருட்டில் அந்தப் பொட்டு நட்சத்திரம்போல் கண்ணைக் குத்தும்.

வாசல்மரம்:

கடைசியாக ஒன்று, கோடுகட்டத்திடம் கேட்கிறேன். இப்படி எல்லாம் ஒரே சீராகச் செய்தால் அறை யாருடையதும் அல்லாததுபோல் ஆகிவிடாதா? என் தங்கை வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. அழகாக இருக்கிறது, ஆனால் அவள் வீடுபோல் இல்லை.

கோடுகட்டம்:

ஆகும். அந்தப் பயம் நியாயமானது.

கோபன்ஹேகனில் 1960இல் திறந்த எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலை ஆர்ன யாகப்சன் என்ற டென்மார்க் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். கட்டடம் முதல் நாற்காலி, கரண்டிவரை எல்லாம் அவர் கை. முட்டை, அன்னம் என்று பெயர்பெற்ற அவருடைய இரண்டு நாற்காலிகளும் அந்த ஹோட்டலுக்காகவே பிறந்தவை. இன்று அவர் வடிவமைத்தபடியே இருப்பது 606ஆம் எண் அறை ஒன்றுதான். மற்றவை எல்லாம் காலப்போக்கில் மாறிவிட்டன. ஹோட்டல் தன் தோற்றத்தைச் சில வருடங்களுக்கு ஒருமுறை உரித்துப்போடும், போடவும் வேண்டும். வீட்டுக்கு அந்த அவசியமும் இல்லை, வசதியும் இல்லை. அதனால் தோற்றத்தை அங்கிருந்து எடுக்காதீர்கள் என்று என்னிடம் வருபவர்களிடம் மன்றாடிச் சொல்கிறேன். உங்கள் பாட்டி வைத்திருந்த மரப்பெட்டி, பிள்ளை வரைந்த படம் இவைதான் அறையின் முகம். ஹோட்டலிடமிருந்து வாங்க வேண்டியது சுவிட்ச் எந்த உயரம், திரை எவ்வளவு அகலம், கொக்கி எங்கே என்பவை. களைத்து வரும் முன்பின் தெரியாத ஒருவருக்காக யாரோ அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள். நம் வீட்டு மனிதர்களுக்காக நாம் அப்படி ஒருமுறையாவது உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா என்று நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பின்மாலை:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

குழல்விளக்கைக் கழற்றிவிட்டோம். இரு பக்கமும் டூவே சுவிட்ச், படிக்கும் விளக்கு, மூலையில் ஒரு நிற்கும் விளக்கு, எல்லாம் 2700. கூரையில் ஒன்றும் இல்லை. பெருக்கும்போது மட்டும் போட வார்ட்ரோப் மேலே ஒரு விளக்கு. தலைமாட்டுச் சுவர் மட்டும் சாம்பல். தலைப்பலகைக்குக் கழற்றும் உறை. கண்ணாடித் தடுப்பும் கம்பளமும் விட்டுவிட்டோம். அதில் மிஞ்சியதைத் திரைச்சீலைக்குப் போட்டோம், டிராக் கூரையில். வெள்ளை பெர்கேல் மூன்று தொகுதி. மூலை மடிப்பு இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை, கணவருக்கு வருகிறது. அதனால் படுக்கை விரிப்பது அவர் வேலையாகிவிட்டது. நாற்காலி வரவேற்பறைக்குப் போய்விட்டது.

பதினொன்றரைக்குள் தூங்கிவிடுகிறேன். எல்லா நாளும் இல்லை, பெரும்பாலான நாள்கள்.

தலைமாட்டில் மாமியார் தந்த பழைய பித்தளைக் குவளையைத் தண்ணீருக்கு வைத்திருக்கிறேன். அவர் வந்து அறையைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் காலையில், "கட்டிலுக்கு அடியில் எரிகிறதே, அது என் அறையிலும் வேண்டும்" என்றார். அவர் கட்டில் பழைய மரக்கட்டில், அடிச்சட்டம் உயரம். பட்டையை எங்கே ஒட்டலாம், மூன்றுகம்பி?

மூன்றுகம்பி:

சட்டத்தின் உள்பக்கம் ஒட்டுங்கள், அக்கா, வெளிப்பக்கம் வேண்டாம். கட்டில் உயரமாக இருந்தால் பட்டையே கண்ணில் படும். சென்சாரை மட்டும் அவர் கால் இறக்கும் பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். எத்தனை நேரம் எரிய வேண்டும் என்று அதில் திருகி வைக்கலாம். அவர் குளியலறைக்குப் போய்த் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டு, அதைவிட ஒரு நிமிடம் கூட்டி வைத்துவிடுங்கள்.